சிகரத்தையே சாமியாகக் கும்பிட்டவர்கள்

எகிப்தியத் தெய்வங்கள் என்றாலே ரா, ஓசிரிஸ், ஐசிஸ் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. என் மனம் போய் நிற்பது மெரெட்செகர் என்ற பெண் தெய்வத்திடம். அமைதியை விரும்புபவள் என்று பெயருக்குப் பொருள்.

எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், அரசர்களைப் புதைத்த மன்னர்களின் பள்ளத்தாக்குக்கு மேல் பிரமிடு போல ஒரு மலையுச்சி இருக்கிறது. அந்த உச்சிதான் அவள். நாகமாகவும் பெண் தலை கொண்ட பாம்பாகவும் வடித்தார்கள். கும்பிட்டவர்கள் டெய்ர் எல் மெதினா என்ற சிற்றூர்க்காரர்கள். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து, சுவர்களில் வண்ணம் தீட்டிய தொழிலாளர்கள். பாம்பும் தேளும் திரிகிற பாறைவெளியில் தினமும் வேலை. நாகத்துக்குப் பயந்தவர்கள் நாகத்திடமே காவல் கேட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அந்த ஊரில் நெஃபெராபு என்று ஒரு தொழிலாளி, சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவர் நிறுத்திய கல் ஒன்று இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் நல்லது கெட்டது தெரியாத மூடன், சிகரத்துக்கு எதிராகத் தப்பு செய்தேன், அவள் தண்டித்தாள் என்று ஒளிக்காமல் சொல்கிறார். அப்புறம் வரும் வரியில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்: பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணைப் போலச் செங்கற்கள் மேல் உட்கார்ந்திருந்தேன், காற்றைக் கூப்பிட்டேன், வரவில்லை. அந்தக் காலத்து எகிப்தில் பெண்கள் செங்கற்கள் மேல் குந்தித்தான் பிள்ளை பெற்றார்கள். மூச்சு முட்டிய ஓர் ஆண், தன் வலியைச் சொல்ல அந்த வலியைத்தான் தேடி எடுத்திருக்கிறார். கடைசியில் அவள் மனமிரங்கி, இனிய காற்றாக அவரிடம் வருகிறாள்.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவருடைய இன்னொரு கல்லும் உண்டு. ப்தா தெய்வத்தின் பேரில் பொய்ச் சத்தியம் செய்ததால் பகலிலேயே இருட்டைப் பார்த்தேன் என்கிறது அது.

எகிப்திய மதம் என்றால் அரசனும் மம்மியும் மட்டும்தான் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. சாதாரண மனிதன் தப்பை ஒப்புக்கொண்டு, தெய்வத்திடம் மன்னிப்புப் பெற்று, அதைக் கல்லில் வெட்டி ஊரறிய நிறுத்தியதும் அதே மதம்தான்.

கி.மு. 1070 வாக்கில் பள்ளத்தாக்கில் அரசர்களைப் புதைப்பது நின்றது. ஊர் காலியானது. அவளைக் கும்பிட ஆளில்லை.

நெஃபெராபு அந்த டூரின் கல்லில் பேசுவது அரசனிடம் இல்லை. கூட வேலை பார்த்த பெரியவர் சின்னவர் எல்லோரையும் பார்த்துத்தான் சொல்கிறார்: சிகரத்திடம் கவனமாக இருங்கள், அவளுக்குள் ஒரு சிங்கம் இருக்கிறது.