சீல் வைத்த உறைக்குள் ஒரு ஆராய்ச்சி

2016 ஆகஸ்டில் அமீரகத்தில் இருக்கும் அகமது மன்சூர் என்ற மனித உரிமைச் செயற்பாட்டாளருக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தது. சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிப் புதிய ரகசியங்கள் இருப்பதாகச் சொல்லி ஒரு லிங்க். மனிதர் அதற்கு முன்பே இரண்டு முறை உளவு மென்பொருளால் குறிவைக்கப்பட்டவர், சூடு கண்ட பூனை. லிங்க்கைத் தொடாமல் இப்படிப்பட்ட உளவு வேலைகளை ஆராயும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபுக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே இருந்தவர்கள் உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துப் புதுசுபோல் ஆக்கிய ஒரு ஐபோன் 5ஐ எடுத்து அந்த லிங்க்கை வேண்டுமென்றே திறந்தார்கள். சஃபாரியில் ஒரு வெற்றுப் பக்கம், கொஞ்ச நேரத்தில் தானாக மூடிக்கொண்டது, அவ்வளவுதான். அதற்குள் ஆப்பிளுக்கே தெரியாத மூன்று ஓட்டைகள் வழியாக இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் செய்த பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் உள்ளே போய்விட்டது. அந்த மாதமே ஆப்பிள் ஓட்டைகளை அடைத்து அப்டேட் விட்டது. அன்று உங்கள் ஐபோனில் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிவிட்டீர்களே, அதேதான்.

இந்த லேபை 2001ல் தொடங்கிய ரான் டீபர்ட் கணினிப் பேராசிரியர் கிடையாது, அரசியல் அறிவியல்காரர். எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். கணினிக்காரன் ஓட்டை எங்கே என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வான், இவர்கள் அதோடு சேர்த்து இதற்குக் காசு கொடுத்தது யார், குறி யார் மேல் என்றும் கேட்கிறார்கள். 2009ல் தலாய் லாமா அலுவலகத்துக் கணினிகளைச் சோதிக்கப் போய், 103 நாடுகளில் 1,295 கணினிகளுக்குள் புகுந்திருந்த கோஸ்ட்நெட் என்ற வலைப்பின்னலைப் பிடித்தது இந்தக் கூட்டம்தான்.

இப்படிக் கேட்டால் சும்மா விடுவார்களா? 2019 ஜனவரியில் அங்கே வேலை செய்யும் ஜான் ஸ்காட் ரெயில்டனை, ஒரு போலி கம்பெனியின் பேரைச் சொல்லிக்கொண்டு ஒரு ஆள் நியூயார்க் ஹோட்டலுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு, என்எஸ்ஓ பற்றித் துருவியிருக்கிறார். அவர் கையில், உள்ளே கேமரா இருப்பது போன்ற ஒரு பேனா வேறு. நம்ம ஆள் தானும் ரகசியமாகப் பதிவு செய்துகொண்டு, ஏபி செய்தி நிறுவனத்தின் நிருபர்களைப் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார். அவர்கள் எழுந்து வந்து கேள்வி கேட்டதும் அந்த ஆள் நாற்காலியில் இடித்துக்கொண்டு ஓடினாராம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே இருக்கும் பத்திரிகையாளர்கள், அரசியல்வாதிகள் போன்களையும் பெகாசஸ் குறிவைத்ததாக 2021ல் விவகாரம் வெடித்தபோது உச்ச நீதிமன்றமும் பேராசிரியர்களிடம்தான் போனது. காந்திநகர் தடய அறிவியல் பல்கலைக்கழகம், அமிர்தா பல்கலைக்கழகம், ஐஐடி பம்பாய் என்று மூன்று இடத்திலிருந்து மூன்று பேர். ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திரன் மேற்பார்வை. 29 போன்களைப் பார்த்து 5ல் ஏதோ மால்வேர், அதாவது தீங்கு செய்யும் மென்பொருள், இருக்கிறது, பெகாசஸ்தான் என்று அறுதியிட முடியவில்லை, மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அறிக்கை மூடிய உறையில் போனது. 2025 ஏப்ரலில், நாட்டுப் பாதுகாப்பைத் தொடும் அறிக்கையைத் தெருவில் விவாதிக்கும் ஆவணமாக்க முடியாது, சம்பந்தப்பட்டவர் கேட்டால் தனியாகச் சொல்லலாம் என்றது நீதிமன்றம்.

அந்தப் பேராசிரியர்களின் திறமையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்த முறையில் சோதித்தார்கள், எந்தத் தடயம் கிடைத்தது, ஏன் முடிவுக்கு வர முடியவில்லை என்று இன்னொருவர் சரிபார்க்க வழியில்லாத ஒன்றை எப்படி ஆராய்ச்சி என்பது? சோதனை என்று வேண்டுமானால் சொல்லலாம். ரத்தப் பரிசோதனை மாதிரி, அதிலும் ரிசல்ட்டை டாக்டர் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பாதுகாப்பு ரகசியம் என்று ஒன்று உண்டு, ஒத்துக்கொள்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் யாரை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. இங்கே இருக்கும் ஆட்கள் சோதிக்கக் கொடுத்த போன்களில் இருந்த மால்வேர் எப்படி வேலை செய்தது என்பதில் என்ன ராணுவ ரகசியம்?

சைபர் செக்யூரிட்டி படிக்கும் என் அக்கா மகள் போன வாரம் மன்சூருக்கு வந்த லிங்க் பற்றி சிட்டிசன் லேப் வெளியிட்ட அறிக்கையை டவுன்லோட் செய்து, எந்த சர்வரில் இருந்து எந்த சர்வருக்குப் போனது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "நம்ம ஊர் ரிப்போர்ட் எங்க மாமா கிடைக்கும்?" என்றாள். மன்சூர் 2017லிருந்து சிறையில் இருக்கிறார் என்பதை மட்டும் அவளிடம் சொன்னேன்.