நடுவில் லேசான சிவப்பு தெரிந்தால் வேகவில்லை என்று அர்த்தமில்லை

பிரெட் தூள் தடவி ஏர் ஃப்ரையரில் வைத்த போர்க் சாப்பை (பன்றி இறைச்சித் துண்டை) நறுக்கும்போது நடுவில் துளி சிவப்பு தெரிந்தாலும் அது பச்சைதான், வெள்ளையாகும்வரை திரும்ப வைக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அக்கறையோடு சொல்வதுதான், ஆனால் நிறத்தை வைத்து அதை முடிவு செய்ய முடியாது.

கணக்கு உள்ளே இருக்கும் சூட்டில்தான். அமெரிக்க வேளாண் துறை 2011-இல் தன் பரிந்துரையை மாற்றியது: முழுத் துண்டு பன்றி இறைச்சிக்கு உள்சூடு 63 டிகிரி செல்சியஸ் போதும், எடுத்தபின் 3 நிமிடம் அப்படியே விட வேண்டும். அதற்கு முன்பு 71 என்று இருந்தது. அந்தப் பழைய எண்தான் இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது. (கொத்துக்கறிக்கு இப்போதும் 71தான்.) 63-இல் எடுத்த துண்டில் இளஞ்சிவப்பு இருக்கலாம். சில சமயம் அந்தச் சூட்டுக்கு வரும் முன்பே இறைச்சி வெளுத்துப்போவதும் உண்டு, அதனால் வெள்ளை நிறத்தையும் நம்பக் கூடாது.

சோதிப்பது சுலபம். சமையல் தெர்மாமீட்டரை மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில் நடுப்பகுதிவரை செருகுங்கள். அப்போதுதான் முனை சரியாக நடுவில் நிற்கும், மேலே உள்ள மொறுமொறுப்பும் உடையாது. எலும்பில் படக் கூடாது. தெர்மாமீட்டர் மேலேயே சந்தேகமா? பொடித்த ஐஸ் நிறைந்த தண்ணீரில் வைத்துப் பாருங்கள், 0 டிகிரி காட்ட வேண்டும். பரிந்துரையை அந்தத் துறையின் தளத்தில் யாரும் படிக்கலாம்.

வெள்ளையாகட்டும் என்று திரும்பத் திரும்ப வைத்தால், நல்ல சாப் நார்நாராகக் காய்ந்துவிடும்.