குஞ்சு காக்கும் விராலுக்குத் தூண்டில் போடாதீர்கள்

எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் பெரிய விரால் பிடித்துப் போட்ட அந்த வீடியோவைப் பற்றி வாய் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். நேற்று அதன் கீழே, குஞ்சு காக்கும் மீனைப் பிடித்தது தவறு என்று நான் கருத்துப் போட்டதற்கு வந்த பதில்களைப் பார்த்த பிறகு முடியவில்லை. திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்து ஓரத்தில் எடுத்த வீடியோ என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், தம்பியின் பெயர் தேவையில்லை.

பார்த்தவர்கள் பெரிய விராலைப் பார்த்தீர்கள். நான் அதற்கு முன் வரும் சில விநாடிகளைப் பார்த்தேன். அல்லி இலைகளுக்கு நடுவில் தண்ணீர் உலை கொதிப்பது போல அசைகிறது. செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கூட்டம். அது விரால் குஞ்சுகள். தம்பி அதைக் கண்டு, தூண்டில் முள் வைத்த ரப்பர் தவளையைச் சரியாக அதன் நடுவில் எறிகிறார். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. கடைசியில் தாயோ தகப்பனோ பாய்ந்து கவ்வுகிறது. கைதட்டல்.

அந்த மீன் பசியில் வரவில்லை. பிள்ளைகளுக்கு நடுவில் விழுந்த எதிரியைத் துரத்த வந்தது. இதைத்தான் நான் நேற்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

விரால் செவுளை மட்டும் நம்பி வாழும் மீன் அல்ல. தலைக்குள் காற்றைப் பிடித்துச் சுவாசிக்க ஓர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து காற்று எடுக்க விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். குளம் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் கிடந்து சமாளிக்கும், மழை இரவில் வயல் வரம்பு கடந்தும் போகும். இத்தனை கெட்டியான மீனுக்கு ஒரே ஒரு பலவீனம், பிள்ளைகள். மாரி மழை விழுந்து ஓரத்துப் புல் மூழ்கியதும் சோடியாகச் சேர்ந்து பாசியை விலக்கி இடம் செய்யும். முட்டைகள் மஞ்சளாக மேலே மிதக்கும், ஓரிரு நாளில் பொரிக்கும். பிறகு வாரக்கணக்கில் காவல். குஞ்சுகளும் காற்றுக்கு மேலே வருவதால்தான் அந்த அசைவு தெரிகிறது. கீழே பெரியது நிற்கும். குஞ்சின் சிவப்பு மாறிக் கருமை ஏறும்வரை விட்டுப் போகாது.

என் அப்பா தம்பலகாமத்து வயல்காரர். கந்தளாய்த் தண்ணீரில்தான் எங்கள் பெரும்போகமும் சிறுபோகமும். வேலை முடிந்தால் வாய்க்காலில் தூண்டில் போடுவார், இரவில் தவளை குத்திக் கட்டிவிட்டும் வருவார். விராலை அவரைவிட விரும்பிச் சாப்பிட்டவர்கள் குறைவு. அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கு விரால் தேடி அலைந்த மனிதர். ஆனால் சிவப்புக் கூட்டம் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த மதகுக்கு நடப்பார். ஒருநாள் அண்ணா அந்தக் கூட்டத்துக்குள் கல் எறிந்தார். அப்பா அடித்த அடியில் சாப்பாட்டு நேரம்வரை வீட்டில் யாரும் கதைக்கவில்லை. எந்தச் சட்டமும் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சரி, “பிடித்துவிட்டுத் திரும்பவும் விட்டேன்தானே” என்கிறார் தம்பி. எத்தனை நிமிடம் கழித்து? எடை பார்த்து, படம் எடுத்து, நண்பர் கையில் கொடுத்து இன்னொரு படம் எடுத்து. அதுவரை அந்தக் குஞ்சுகளைக் கெளிறும் திலாப்பியாவும் கொக்கும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? வாய் கிழிந்து களைத்த மீன் அந்தக் கூட்டத்தைத் தேடித் திரும்பப் போகும் என்று நீங்கள் எப்படி நம்புகிறீர்கள்?

“வலைக்காரர் அள்ளுவது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா?” தெரிகிறது. 1952-இல் கொண்டுவந்து விட்ட திலாப்பியாதான் நம் குளங்களின் மீன்பிடியில் பெரும்பங்கு. வலை அதற்காக நடுக்குளத்தில் விழுகிறது. விரால் நிற்பது ஓரத்துப் பாசியில். அதுவும் வலைக்காரர் வீட்டு அடுப்பு அந்த மீனில் எரிகிறது. உங்கள் வீட்டு அடுப்பு இந்த வீடியோவிலா எரிகிறது? ஏழை மனிதரைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள்.

“விரால் தன் இனத்தையே தின்னும்.” தின்னும். அதனால் நாமும் அழிக்கலாம் என்பது என்ன நியாயம்?

எனக்கு வலித்தது வேறொன்று. “உங்களுக்குப் பிடிபடவில்லை, அதுதான் எரிச்சல்” என்று ஒருவர் எழுத, நான் தூண்டில் கட்டிக் கொடுத்துப் பழக்கிய பிள்ளைகளே அதற்குச் சிரிப்பு அடையாளம் போட்டிருக்கிறார்கள். எந்தப் பாசி ஓரத்தில் நிற்கும், எந்த நேரம் காற்றுக்கு எழும் என்று நான் காட்டிக் கொடுத்த இடங்கள்தான் அவை. குஞ்சுக் கூட்டத்தை அடையாளம் காணச் சொல்லிக் கொடுத்தது விலகிப் போவதற்கு, தூண்டில் எறிவதற்கு அல்ல. ஊருக்கு வெளியிலிருந்து வாகனம் பிடித்து வருகிறவர் செய்தால் தெரியாமல் செய்தார் என்பேன். எங்கள் வாய்க்கால் தண்ணீரில் குளித்து வளர்ந்த பிள்ளை செய்தால் என்ன சொல்வது?

மீன் பிடிக்காதே என்று நான் சொல்லவில்லை. நானும் பிடிப்பேன், சமைப்பேன். கோடையில் தண்ணீர் இறங்கும்போது போடுங்கள். மாரியிலும் கூட்டம் இல்லாத ஓரம் எவ்வளவோ இருக்கிறது, அங்கே போடுங்கள். அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் அதே அல்லிக் கரைக்குப் போவார்கள். என்னோடு சண்டை பிடிக்க வேண்டுமென்றால் கருத்துப் பெட்டியில் வேண்டாம், ஞாயிறு காலை குளக்கட்டுக்கு வாருங்கள் தம்பி. நின்று கதைப்போம்.