விழுகிற ஹெலிகாப்டர் எரிய வேண்டியதில்லை

2018 பிப்ரவரி 10 அன்று மாலை, அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்க வந்த ஆறு பிரிட்டன் பயணிகளுடன் தரையிறங்க முயன்ற ஹெலிகாப்டர் ஒன்று, பாறைகளுக்கிடையே விழுந்து தீப்பிடித்தது. மூவர் அங்கேயே உயிரிழந்தார்கள். எரியும் சிதைவிலிருந்து வெளியே வந்த இருவர் பின்னர் மருத்துவமனையில் தீக்காயங்களால் இறந்தார்கள். விமானியும் ஒரு பயணியும் படுகாயத்துடன் பிழைத்தார்கள்.

பின்புறமிருந்து பலமாக வீசிய காற்றில், ஹெலிகாப்டரின் உடல் சுழலாமல் பிடித்து வைக்கும் வால் சுழலியின் விசை போதாமல் போனதால், விமானியால் இயந்திரத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போனது என்று அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. செங்குத்தான மலைச்சுவர்களுக்கு இடையே காற்று சுழல்வதும், திடீரெனக் கீழ்நோக்கி அழுத்துவதும் இயற்கை. அந்த அபாயத்தை முற்றிலும் நீக்க எவராலும் இயலாது. ஆனால் அதன் பின் மூண்ட தீயை இயற்கையின் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மோதினாலும் எளிதில் உடையாத எரிபொருள் தொட்டி புதிய கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்க ராணுவம் 1970ஆம் ஆண்டிலிருந்தே தன் ஹெலிகாப்டர்களில் அதைப் பொருத்தத் தொடங்கியது. பிழைத்திருக்கக்கூடிய விபத்துகளில் தீயால் நேரும் மரணம் அவற்றில் ஏறக்குறைய இல்லாமலே போனது. அதன் அமைப்பும் எளிதில் விளங்கக்கூடியதே: உறுதியான பிளாஸ்டிக் பெட்டி அதிர்ச்சியில் பிளந்துவிடும் என்பதால், வளைந்து கொடுக்கும் தடித்த ரப்பர் பை போன்ற ஒன்றில் எரிபொருளை நிரப்புகிறார்கள், குழாய்கள் பிடுங்கப்பட்டால் இரு முனைகளையும் தாமாகவே அடைத்துக்கொள்ளும் வால்வுகளை இணைப்புகளில் வைக்கிறார்கள். கசிவு நின்றுவிட்டால், சூடான இன்ஜினுக்கு அருகே கிடப்பவருக்கு வெளியேறச் சில நிமிடங்களாவது கிடைக்கும்.

இத்தகைய தொட்டியை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1994இல் கட்டாயமாக்கியது. ஆனால் அதன் பிறகு புதிதாக வடிவமைத்து ஒப்புதல் கோரும் ரகங்களுக்கு மட்டுமே அந்த விதி பொருந்தியது. பழைய ஒப்புதலின் நிழலில், பழைய தொட்டியுடனே புத்தம்புது ஹெலிகாப்டர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தயாரிக்கப்பட்டு விற்கப்பட்டன. கிராண்ட் கேன்யனில் எரிந்த இசி130 பி4 ரகமும் விதியிலிருந்த அந்த ஓட்டையின் வழியாக வந்ததே. இந்த ஓட்டையை அடைக்கும்படி பாதுகாப்பு வாரியம் 2015இலேயே பரிந்துரைத்திருந்தது என்பதை நினைக்கும்போது எனக்குத் துயரத்தைவிடக் கோபமே மிகுகிறது.

விபத்து நடந்த ஆண்டின் அக்டோபரில் நிறைவேறிய சட்டம், 2020 ஏப்ரல் முதல் தயாராகும் ஒவ்வொரு ஹெலிகாப்டரிலும் பாதுகாப்பான தொட்டி இருக்க வேண்டும் என்றது. அதுவும் அரைக்கிணறு தாண்டியதுதான், ஏனெனில் ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பவற்றில் தொட்டியை மாற்றும்படி அது கட்டாயப்படுத்தவில்லை. ஹெலிகாப்டரை இயக்கிய பாப்பில்லான் நிறுவனம் விபத்துக்குப் பின் தன் ஹெலிகாப்டர்களில் தொட்டிகளை மாற்ற முன்வந்தது. இறந்த இளைஞர் ஒருவரின் பெற்றோர் தொடுத்த வழக்கு, 2024இல் அந்த நிறுவனமும் தயாரிப்பாளரான ஏர்பஸ்ஸும் சேர்ந்து 10 கோடி டாலர் வழங்கும் உடன்பாட்டில் முடிந்தது. பணம் வாங்கிப் பயணிகளை ஏற்றிச்செல்லும் எந்த ஹெலிகாப்டருக்கும், அது எந்த ஆண்டில் தயாரானதாக இருந்தாலும், தொட்டி மாற்றத்தைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கருத்து. மாற்றுத் தொட்டிகள் சந்தையில் கிடைக்கும்போது, செலவைக் காட்டித் தள்ளிப்போடுவது நியாயமாகாது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் காணச் செல்லும் நம்மவர்கள் பலர், லாஸ் வேகாஸ் போனதும் கிராண்ட் கேன்யனைச் சுற்றிக் காட்டும் ஹெலிகாப்டர் பயணத்துக்குச் சீட்டு எடுக்கிறார்கள். முன்பதிவு செய்யும் முன், இந்த ஹெலிகாப்டரில் மோதலைத் தாங்கும் எரிபொருள் தொட்டி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், அந்தச் சீட்டை வாங்காதீர்கள்.