வரலாற்று நாவலுக்கு மதிப்புரையா, விடைத்தாள் திருத்தமா?

படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. வரலாற்று நாவல் ஒன்று வந்துவிட்டால் போதும், மதிப்புரைகளில் முக்கால்வாசி ஒரே அச்சு. பாதி கதைச்சுருக்கம். மீதி, "இது நடந்ததா, நடக்கவில்லையா" என்ற விசாரணை. நடை எப்படி, யார் கண் வழியாகக் கதை போகிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று ஒரு வரி கிடையாது.

ஆங்கில நாவலாசிரியர் ஹிலாரி மேன்டலின் ‘வுல்ஃப் ஹால்’ பட்ட பாட்டைப் பாருங்கள். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் கதை, 2009இல் புக்கர் பரிசு வாங்கிய நாவல். அதே மன்னரை எதிர்த்து உயிர்விட்ட தாமஸ் மோரைக் கொடியவராக்கி வரலாற்றைத் திரித்துவிட்டார் என்று இன்றும் புலம்பல். ஆதாரத்தோடு ஆட்சேபித்த வரலாற்றாசிரியர்களைச் சொல்லவில்லை, அது மதிக்கவேண்டிய வாதம். மற்றவர்கள் எந்த மோரை வைத்து அளக்கிறார்கள்? ராபர்ட் போல்ட்டின் 1960ஆம் ஆண்டு நாடகத்தில் மனசாட்சியின் வீரராக வரும் மோரை! அதுவும் புனைவுதானே ஐயா! அந்தப் பிம்பத்துக்கு அடித்தளம் போட்டதில் பெரும்பங்கு மோரின் மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்கு. மாமனார்மேல் பக்தி கொண்டவரின் எழுத்து. 1529 முதல் 1532 வரை மோர் சான்சலர் என்ற உயர் அரசுப் பதவியில் இருந்தபோது மதவிரோதக் குற்றம் சாட்டி ஆறு பேரை எரித்துக் கொன்றார்கள். மேன்டல் மிகைப்படுத்தினாரா என்று தாராளமாகக் கேளுங்கள். ஆவணம் எது, நாடகம் எது என்று பிரித்துவிட்டுக் கேளுங்கள்.

அடுத்த புகார்: "‘அவன்’ என்றால் யார் என்றே புரியவில்லை." பெயர் சொல்லாமல் ‘அவன்’ என்றால் பெரும்பாலும் தாமஸ் கிராம்வெல்தான். பத்துப் பக்கம் பொறுமையாகப் படித்தால் பிடிபட்டுவிடும். கதை முழுக்க நிகழ்காலத்தில், அவன் தலைக்குள்ளிருந்தே நகர்கிறது. 1540 ஜூலை 28 அன்று தன் தலை வெட்டப்படும் என்று அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். நாவலின் பதற்றம் மொத்தமும் அந்த இடைவெளியில் இருக்கிறது. அதைப் பேசாமல் இலக்கணக் குறை சொல்லிவிட்டுப் போனால் எப்படி?

முதல் காட்சியை எடுங்கள். அப்பன் வால்டர் உதைத்து, பையன் தரையில் கிடக்கிறான். பூட்ஸின் தையல் பிரிந்து நூல் துருத்தி நிற்கிறது. அதன் முடிச்சு பட்டுப் புருவம் கிழிகிறது. கிராம்வெல்லின் பிள்ளைப் பருவம் பற்றிப் பதிவுகள் மிகச் சொற்பம். அந்த வெற்றிடத்தில் நாவலாசிரியர் என்ன வைக்கிறார் என்பதற்கு அந்த முடிச்சுதான் சாட்சி. அதற்குப் போய் ஆதாரம் கேட்கிறார்கள்!

எழுதுமுன் ஆசிரியர் குறிப்பைப் படியுங்கள். ஒரே ஒரு அத்தியாயத்தை எடுத்து, பதிவில் உள்ளது, சர்ச்சைக்குரியது, முழுக்கப் புனைந்தது என்று ஓரத்தில் குறித்துப் பாருங்கள். புனைந்த பகுதி பதிவான பகுதியோடு ஒட்டுகிறதா, துருத்துகிறதா என்று அப்போது கையோடு தெரியும்.

காலவழு பிடிப்பதும் இதே லட்சணம்தான். 1530களின் இங்கிலாந்துச் சாப்பாட்டு மேசையில், அப்போது அங்கே வந்திராத உருளைக்கிழங்கு வந்தால் குதிக்கிறார்கள், சரி. அதே நூற்றாண்டுப் பாத்திரம் கடவுள் பயம், நரக பயம் எதுவுமில்லாமல் இன்றைய ஆளைப்போல யோசித்தால் "சமகாலத்தோடு பேசுகிறது" என்று பாராட்டு! உருளைக்கிழங்கை அடுத்த பதிப்பில் ஒரு வரியை அடித்துத் திருத்திவிடலாம். அந்த மனதைத் திருத்த நாவலையே திரும்ப எழுத வேண்டும்.