மார்க் டல்லியின் எழுத்துப் பணி 1994இல் தொடங்கியதன்று
பிபிசி செய்தியாளர் மார்க் டல்லி 1994இல் அந்நிறுவனத்திலிருந்து விலகிய பின்னரே, வானொலியைக் கைவிட்டு நூலாசிரியரானார் என்று கூறப்படுவது காலவரிசைக்குப் பொருந்தவில்லை. அவர் பிபிசியின் தில்லிச் செய்தியாளராக இருந்தபோதே, அமிர்தசரஸ் பொற்கோயிலில் 1984இல் நடந்த ராணுவ நடவடிக்கையையும் அதற்கு இட்டுச்சென்ற பஞ்சாப் அரசியலையும் விவரிக்கும் நூலைச் சக செய்தியாளர் சதீஷ் ஜேக்கப்புடன் சேர்ந்து எழுதி 1985இல் வெளியிட்டார்; ‘நோ ஃபுல் ஸ்டாப்ஸ் இன் இந்தியா’ 1991இலேயே வந்துவிட்டது. களத்தில் நேரில் கண்டும் கேட்டும் சேர்த்தவையே அவ்விரு நூல்களுக்கும் உயிர் என்பதால், அவற்றை ஓய்வுக்கால முயற்சிகளாகக் காட்டுவது அவருடைய உழைப்புக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன். வானொலியையும் அவர் கைவிடவில்லை: பணி விலகிய பின்னும் பிபிசி ரேடியோ 4இல் ‘சம்திங் அண்டர்ஸ்டுட்’ நிகழ்ச்சியைப் பல்லாண்டுகள் தொகுத்து வழங்கினார்.