பாளையங்கோட்டை சபைய ஆரம்பிச்சது யாரு?

ஜெர்மனியில இருந்து வந்த கிறிஸ்தவ மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரப் (ஐயர்னா இங்க பாதிரியார்) பத்திப் பேச ஆரம்பிச்சா திருச்சியில சபை உண்டாக்குனாரு, தஞ்சாவூர்ல உண்டாக்குனாரு, பாளையங்கோட்டையில உண்டாக்குனாருன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டுப் போயிடுறாங்க. முதல் ரெண்டுக்கும் நான் தலையாட்டிடுவேன், மூணாவதுலதான் எனக்குத் தகராறு.

மனுஷன் பெரியவர்தான், இல்லங்கல. 1750-ல வந்தவர் 1798-ல தஞ்சாவூர்ல கண்ண மூடுற வரைக்கும் ஜெர்மனி பக்கம் திரும்பவே இல்ல, கல்யாணமும் பண்ணிக்கல, திருச்சிக் கோட்டையில 1766-லயே கோயில் (சர்ச்சத்தான் சொல்றேன்) கட்டி முடிச்சாச்சு.

ஆனா பாளையங்கோட்டை வேற கதை. அங்க இருந்த கிளாரிந்தா அம்மா மராத்திய பிராமண விதவை, ஒரு இங்கிலீஷ் ராணுவ அதிகாரியோட வாழ்ந்துட்டிருந்தாங்க, ஞானஸ்நானம் கேட்டப்ப இந்த உறவு இருக்கிற வரைக்கும் முடியாதுன்னு ஐயர் மறுத்துட்டாரு. அந்த அதிகாரி செத்தப்புறம் 1778-லதான் கொடுத்தாரு. இடையில அந்தம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சிருக்கீங்களா? போகல. 1780 சபைப் பதிவேட்டுல மொத்தம் 40 பேரு, முதல் பேரே அவங்களோடதுதான். கோயிலுக்கு ஓடியாடி வேலை பார்த்ததும் அவங்க, ஐயர் 1785-ல வந்து பிரதிஷ்டை பண்ணுனாரு, ஊர்க்காரங்க இன்னைக்கும் அத பாப்பாத்தி அம்மா கோயில்னுதான் சொல்றாங்க, சுவார்ட்ஸ் கோயில்னு இல்ல! ஊருக்குத் தெரிஞ்சது நம்ம பிரசங்கியாருங்களுக்குத் தெரியல பாருங்க.

அப்புறம் சத்தியநாதன். ஐயர் அனுப்பி உபதேசியாரா, அதாவது வேதம் சொல்லிக்கொடுக்கிறவரா வந்து தெருத்தெருவா நடந்தவரு, பாதிரியார் ஆகுற குருப்பட்டம் 1790-லதான் கெடச்சுது. ஐயர் தஞ்சாவூர்ல இருந்து எப்பவாவது வருவாரு, ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம சபையப் பார்த்துக்கிட்டது யாரு?

சுவார்ட்ஸோட திறமைய நான் கொறச்சு சொல்லல. சபை ஏற்கனவே எங்க முளைச்சிருக்குன்னு பார்த்து, அங்க சரியான ஆள அனுப்பிட்டு, தான் ஒதுங்கி நின்னாரு பாருங்க, அதான் அவரோட திறமை. இப்ப புது சபை ஆரம்பிக்கிறோம்னு கெளம்புற ஐயர்மாரு மொதல்ல எடம் பார்க்குறாங்க, ஆள அப்புறம் தேடுறாங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு சபை ஒரு அக்கா வீட்டு மொட்டை மாடியில நாலு குடும்பத்தோட ஆரம்பிச்சது. மழை வந்தா சேர மடக்கிட்டு கீழ ஹாலுக்கு எறங்கிடுவாங்க. இப்ப பெரிய கட்டடம், வாசல்ல கருங்கல் கல்வெட்டு, பேராயர்ல இருந்து பொருளாளர் வரைக்கும் எல்லார் பேரும் இருக்கு. அந்தக்கா பேரத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்ல.